வேல் தைத்த பின்னும் வாலாட்டும் நண்பன்

யானையையும் நாயையும் ஒப்பிட்டு நட்பின் இயல்பை விளக்கும் பாடல் ஒன்று நாலடியாரிலே உண்டு. நெடுநாட் பழகிய பாகனையே யானை கொன்றுவிடக் கூடும். நாயோ, தன் எசமான் வீசிய வேல் உடலிலே பாய்ந்து நிற்கும் வேளையிலும் அவனைக் கண்டு வாலையாட்டும். ஆகையால் யானையை ஒத்தவரின் உறவை விடுத்து, நாயை ஒத்தவரின் உறவைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அப்பாடலின் போதனை.

இதைப் பாடிய புலவர் யுத்தகளத்து நாய்களை எண்ணியிருக்க மாட்டார். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் மகா யுத்தங்களிலே நாய்கள் ஆற்றிய ஊழியத்தையும், அதற்கு மனிதன் செய்த கைம்மாற்றையும் ஆராயுமிடத்து, அந்த வாலும் அந்த வேலும் நம் கண்முன் வந்து நிற்கின்றன.

நாய்க்குத் தேசம் தெரியாது; கொடி தெரியாது; எதற்காகப் போர் மூண்டது என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்தவன் ஒரேயொரு மனிதன். தனக்கு உணவிட்டு, தன்னுடன் உறங்கி, தன் தலையைத் தடவிக் கொடுக்கும் அந்த ஒருவனுக்காகவே அது குண்டுமாரியிடையே ஓடுகின்றது. இந்த உண்மையை முதலில் நன்குணர்ந்து பயன்படுத்தியவர்களுள் ஒருவர் ரிச்சட்சன் என்னும் பிரித்தானியப் படையதிகாரி.

அஞ்சல் சுமந்த நாய்கள்

1914ஆம் ஆண்டு தொடங்கிய முதலாவது உலக மகாயுத்தத்தில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் படைகள் பதுங்குகுழிகளிலே எதிரெதிராக மாதக்கணக்கிற் கிடந்தன. முன்னணியிலுள்ள குழிக்கும் பின்னணியிலுள்ள தலைமை நிலையத்துக்கும் இடையே தொலைபேசிக் கம்பிகள் இருந்தன. எதிரியின் பீரங்கி முழங்கத் தொடங்கியதும் அக்கம்பிகள் அறுந்து போகும். பின்னர் செய்தி கொண்டு செல்ல மனிதனே ஓட வேண்டும். சேற்றிலே கால் புதைய ஓடும் அவனைக் குறிபார்த்துச் சுடுவது எதிரிக்கு எளிது.

இந்த வேளையில், நாய்களைப் பழக்குவதிலே நெடுங்கால அனுபவம் பெற்றிருந்த எட்வின் ரிச்சட்சன், 1917இல் இங்கிலாந்தின் ஷூபரினெஸ் என்னும் கடற்கரை ஊரில் யுத்த நாய்ப் பள்ளிக்கூடத்தை நிறுவினார். இலண்டன் பற்றர்சியிலுள்ள அநாதை நாய்கள் இல்லத்திலிருந்து நாய்கள் வந்தன. அவை போதாமையால் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. குடும்பங்கள் தாம் வளர்த்த நாய்களை மனமுவந்து அனுப்பின. தந்தையை ஏற்கெனவே போருக்கு அனுப்பிவிட்ட சிறுமியொருத்தி, இப்போது நாயையும் அனுப்புவதாகக் கடிதம் எழுதினாள் என ரிச்சட்சன் பிற்காலத்திற் குறிப்பிட்டுள்ளார்.

அவர் கையாண்ட முறை மிக எளியது. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு காவலன் உண்டு. உணவூட்டுவதும் தடவிக் கொடுப்பதும் அவன் ஒருவனே. போர்க்களத்தில் அவன் பின்னணியில் நின்றுவிடுவான். நாயை மட்டும் வேறு வீரர் முன்னணிக்கு அழைத்துச் செல்வர். செய்தி அனுப்பவேண்டிய தருணத்தில், கழுத்துப் பட்டியிலுள்ள சிறு தகரக் குழாயிலே கடிதத்தை இட்டு நாயை அவிழ்த்து விடுவர். அவ்வளவுதான்! முட்கம்பியையும் புகையையும் வெடியொலியையும் கடந்து, தன் காவலன் இருக்கும் இடம் நோக்கி அது பறக்கும்.

அந்த நாய் அஞ்சல் கொண்டு செல்வதாக எண்ணி ஓடவில்லை. தன் மனிதனிடம் திரும்பிப் போவதாக எண்ணியே ஓடிற்று. அடித்துப் பழக்கிய நாய் இவ்விதம் ஓடாது என்பதை ரிச்சட்சன் அறிந்திருந்தார். அன்பினாலன்றி அச்சத்தினால் நாயைப் பழக்கலாகாது என்பதே அவருடைய பள்ளிக்கூடத்தின் விதி.

அதே யுத்தத்தில் செஞ்சிலுவை நாய்களும் பணியாற்றின. போர் ஓய்ந்த இருட்டிலே, உயிரிழந்தவர் நடுவே உயிரோடு கிடப்பவரை மோப்பத்தால் தேடிக் கண்டுபிடிப்பது அவற்றின் வேலை. யுத்தத்திலே பார்வையிழந்த வீரருக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் தொடங்கப்பட்டது. இன்று உலகெங்கும் பார்வையற்றோரைக் கைபிடித்ததுபோல் அழைத்துச் செல்லும் வழிகாட்டி நாய்களின் வரலாறு அந்தப் பள்ளியிலிருந்தே தொடங்குகின்றது.

வீட்டை விட்டுச் சென்ற சிப்ஸ்

இரண்டாவது உலக மகாயுத்தத்தில், 1941 திசெம்பரில் அமெரிக்கா போரில் இறங்கிய வேளையில் அந்நாட்டுச் சேனையிடம் பயிற்சி பெற்ற யுத்த நாய்கள் அநேகமாக இல்லை. 1942 சனவரியில் நாய் வளர்ப்போர் சிலர் கூடி 'பாதுகாப்புக்கு நாய்கள்' என்னும் சங்கத்தை அமைத்தனர். பணம் படைத்தோரும் பாட்டாளிகளும் தம் வீட்டு நாய்களைத் தேசத்துக்கு ஈந்தனர். பிள்ளைகள் கண்ணீருடன் விடைகொடுத்தனர்.

அவ்வாறு சென்றவற்றுள் ஒன்று சிப்ஸ். நியூயோர்க் மாநிலத்தின் பிளசன்ற்வில் என்ற ஊரிலே ரென் என்னும் குடும்பத்தார் வளர்த்த கலப்பினக் காவல் நாய் அது. 1943 சனவரியில் கசபிளங்கா நகரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றும் பிரதமர் சேர்ச்சிலும் மாநாடு கூடியபோது காவல் நின்ற நாய்களுள் சிப்ஸும் ஒன்று.

அதே ஆண்டு யூலை 10ஆந் திகதி அமெரிக்கப் படை சிசிலித் தீவிலே கரையிறங்கிற்று. வைகறைப் பொழுதில், குடிசைபோல் தோன்றிய மறைவிடமொன்றிலிருந்து இயந்திரத் துப்பாக்கி முழங்கியது. வீரர் தரையிலே படுத்தனர். சிப்ஸ் தன் காவலனின் கையிலிருந்து திமிறிக்கொண்டு அந்த மறைவிடத்துள்ளே பாய்ந்தது. சற்று நேரத்தில் துப்பாக்கி ஓய்ந்தது. உள்ளிருந்தோர் கைகளை உயர்த்தியவாறு வெளியே வந்து சரணடைந்தனர். சிப்ஸின் தலையிலே காயமும், உரோமத்திலே வெடிமருந்து சுட்ட தழும்பும் காணப்பட்டன.

வீரத்துக்குரிய வெள்ளி நட்சத்திரப் பதக்கமும், போரிற் காயமுற்றோருக்குரிய ஊதா இருதயப் பதக்கமும் சிப்ஸுக்குச் சூட்டப்பட்டன. ஆனால், மனிதருக்குரிய பதக்கங்களை விலங்குக்கு அளித்தல் தகாது என்று எதிர்ப்பு எழுந்தமையால் அவை மீளப் பெறப்பட்டன. சிப்ஸ் அதற்காக வருந்தியிராது! 1945 திசெம்பரில் அது தன் குடும்பத்தாரிடம் திரும்பிச் சேர்ந்து, மறு ஆண்டிலே கண்மூடிற்று. விலங்குகளின் வீரத்துக்கென 1943இல் பிரித்தானியாவில் மரியா டிக்கின் அம்மையார் ஏற்படுத்திய டிக்கின் பதக்கம், எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து 2018இல் சிப்ஸின் பெயருக்கு வழங்கப்பட்டது.

சிறைக்கைதியான நாய்

அதே டிக்கின் பதக்கத்தை 1946இல் பெற்ற நாய் ஒன்றின் கதை நம் கீழைத் தேசங்களிலேயே நிகழ்ந்தது. ஜூடி என்னும் அப்பெண் நாய் 1936இல் சீனத்து ஷங்காய் நகரிலே பிறந்து, பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களிலே வளர்ந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழும் தறுவாயில், அது இருந்த 'கிராஸ்ஹொப்பர்' என்னும் கப்பல் விமானக் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. தப்பியவர்கள் மனித சஞ்சாரமற்ற ஒரு தீவிலே தண்ணீரின்றித் தவித்தனர். ஜூடி கடலோரத்திலே மணலைப் பிறாண்டிற்று. அங்கே நன்னீர் ஊற்றெடுத்தது.

பின்னர் சுமாத்திராவின் காடுகளைக் கடந்து சென்றும் பயனில்லை, அனைவரும் சிறைப்பட்டனர். மேடான் நகரத்துச் சிறைமுகாமில், விமானப் படையைச் சேர்ந்த பிராங் வில்லியம்ஸ் என்னும் கைதி தனக்குக் கிடைத்த ஒருபிடிச் சோற்றை ஜூடிக்கு வைத்தார். அன்று பிணைந்த உறவு இறுதிவரை அறவில்லை. காவலர்கள் நாயைச் சுட்டுவிடுவர் என்று அஞ்சிய வில்லியம்ஸ், முகாம் அதிபதியிடம் நயமாகப் பேசி, அதனைக் கைதியாகவே பதிவு செய்யும் உத்தரவைப் பெற்றார். '81ஏ' என்பது ஜூடியின் கைதி இலக்கம். அந்த யுத்தத்தில் முறைப்படி கைதியாகப் பதியப்பட்ட நாய் ஜூடி ஒன்றே.

1944 யூனில் கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பலொன்று, அதில் இருப்போர் யார் என்று அறியாத பிரித்தானிய நீர்மூழ்கியொன்றின் தாக்குதலிலே மூழ்கிற்று. வில்லியம்ஸ் ஜூடியைக் கப்பலின் வட்டச் சாளரம் வழியே கடலுள் தள்ளித் தப்பவைத்தார். நீரிலே தத்தளித்தோர் பற்றிக்கொள்ள ஜூடி உடல் கொடுத்து உதவியதாகத் தப்பியோர் கூறினர். இருவரும் பிரிந்து, பிறிதொரு முகாமிலே மீண்டும் சந்தித்தனர். சுமாத்திராவின் காட்டிலே புகையிரதப் பாதை அமைக்கும் கொடுவேலையில் எத்தனையோ கைதிகள் மாண்டனர். அந்த நரகத்திலும் ஜூடியைக் காக்க வேண்டுமென்ற எண்ணமே தன்னை உயிரோடு வைத்திருந்ததென வில்லியம்ஸ் கூறுவதுண்டு.

நாய் மனிதனைக் காத்ததா, மனிதன் நாயைக் காத்தானா? இரண்டும் ஒன்றே என்பதுதான் ஜூடியின் வரலாறு தரும் விடை. யுத்தம் முடிந்து இங்கிலாந்து சென்ற ஜூடி, பின்னர் வில்லியம்ஸுடன் ஆபிரிக்காவின் தங்கனீக்காவுக்குச் சென்று, 1950இல் அங்கேயே உயிர்நீத்தது. அதன் கல்லறையை அவர் தம் கையாலேயே கட்டினார்.

குவாம் தீவில் இருபத்தைந்து பெயர்கள்

ஜூடியின் கப்பல் மூழ்கிய அடுத்த மாதம், 1944 யூலை 21ஆந் திகதி, அமெரிக்க மரைன் படையினர் பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவிலே இறங்கினர். அவர்களுடன் நாய்ப் பிரிவுகளும் இறங்கின. அவற்றுட் பெரும்பாலானவை டோபர்மன் இனத்தவை. அடர்ந்த காட்டிலும் குகைகளிலும் மறைந்திருந்த எதிரியை மனிதக் கண் காணுமுன் நாயின் மூக்கு கண்டது. இரவிலே வீரர் குழிகளுள் உறங்க, நாய் விழித்திருக்கும். அது குரைக்கப் பழக்கப்பட்டதன்று. காதை நிமிர்த்தி, பிடரி மயிரைச் சிலிர்த்து, எத்திசையில் ஆபத்து என்று காட்டும்; காவலன் அறிந்துகொள்வான்.

கேர்ட் என்னும் நாய் அவ்வாறு முன்னே பதுங்கியிருந்த யப்பானியப் படையை உணர்ந்து காட்டிற்று. அதனால் இருநூற்றைம்பது மரைன் வீரர் உயிர்தப்பினர் என்பர். கேர்ட் மட்டும் தப்பவில்லை. வெடிகுண்டுச் சிதறலால் காயமுற்று மடிந்தது. குவாம் மீட்பிலே உயிர்நீத்த நாய்கள் இருபத்தைந்து. அவற்றுக்குத் தனி மயானம் அமைந்தது. 1994இல் அங்கே கேர்டின் உருவச் சிலை திறக்கப்பட்டபோது, அதன் பீடத்திலே இருபத்தைந்து நாய்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டன.

நாயின் பெயரைக் கல்லிலே பொறிக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று என்பதை இங்கு நினைவுகூரலாம். தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலே, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கால்நடை காக்கும் பூசலிலே பட்ட வீரனின் உருவத்துடன், கள்வரைக் கடித்துக் காத்துநின்ற அவனது நாயின் உருவமும் அதிலே செதுக்கப்பட்டுள்ளது. 'கோவிவன்' என்னும் அதன் பெயரையும் அக்கல்வெட்டு கூறுகின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு அப்பாலும் மனிதன் கடனை உணர்ந்தே இருந்தான்.

இறந்தவற்றுக்குக் கல் நாட்டியாயிற்று. மீந்தவற்றின் கதி யாது? போருக்குப் பழக்கிய நாய்கள் ஊருக்குள் வாழ உதவா. அவற்றைக் கொன்றுவிடுதலே தக்கது என்று அதிகாரிகள் சிலர் கருதினர். குவாமிலே நாய்ப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கிய மிருக வைத்தியர் வில்லியம் பட்னி இதனைக் கடுமையாக எதிர்த்தார். பழக்கியதை மறக்கச் செய்யவும் முடியும் என்பது அவர் வாதம். பல மனிதரோடு பழகவிட்டு, விளையாட்டுக் காட்டி, சந்தேகத்தைச் சிறிது சிறிதாகத் தணித்தனர். யுத்த முடிவிலே மரைன் படையிடமிருந்த 559 நாய்களுள் 540 நாய்கள் வீட்டு வாழ்வுக்குத் திரும்பின. நோயினாலன்றிக் குணத்தினால் திருத்த முடியாதவை என்று கொல்லப்பட்டவை நான்கே நான்கு!

வீசப்பட்ட வேல்

கதை இத்துடன் முடிந்திருப்பின் நாம் மனநிறைவோடு எழுதுகோலைக் கீழே வைத்திருப்போம். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு.

1941இல் ஜேர்மன் படைகள் சோவியத்து நாட்டினுள் புகுந்தபோது, அவற்றின் டாங்கிகளைத் தடுக்கச் சோவியத்துப் படையினர் நாய்களை ஏவினர். பசித்த நாய்களுக்கு டாங்கியின் கீழே உணவு வைத்துப் பழக்கினர். பின்னர் அவற்றின் முதுகிலே வெடிகுண்டைக் கட்டி அவிழ்த்துவிட்டனர். உணவு தேடி ஓடிய நாய், தான் எதைச் சுமந்து செல்கின்றதென்று அறியாது. தன் சொந்த நிலத்தைக் காக்கப் போராடிய ஒரு தேசத்தின் இக்கட்டை நாம் உணர்கின்றோம். ஆயினும் நம்பிக்கையையே ஆயுதமாக்கிய அச்செயல் நெஞ்சை உறுத்தாமல் விடுவதில்லை.

வியட்நாம் யுத்தத்திலே நிகழ்ந்ததற்கு அத்தகைய இக்கட்டு என்னும் சமாதானமும் இல்லை. 1965 தொடக்கம் 1973 வரை சுமார் நாலாயிரம் நாய்கள் அமெரிக்கப் படையினருடன் அங்கே பணியாற்றின. காட்டுப் பாதையில் கட்டப்பட்ட வெடிக்கம்பிகளையும், மூங்கிற் புதர்களில் பதுங்கிய பகைவரையும் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கான வீரரைக் காத்தன. 1966 திசெம்பரில், தான்சோன்னூட் விமானத் தளத்திலே நீமோ என்னும் நாய் சுடப்பட்டு ஒரு கண்ணை இழந்தது. அந்நிலையிலும் காயமுற்றுக் கிடந்த தன் காவலனை நோக்கித் தவழ்ந்து சென்று, உதவி வரும்வரை அவன்மீது படுத்துக் காத்தது. நீமோ தாய்நாடு திரும்பிற்று. அது பெற்ற பேறு மற்றவை பெறவில்லை.

நாலாயிரத்துள் திரும்பியவை ஏறக்குறைய இருநூறு மட்டுமே. இராணுவத்தின் ஏட்டிலே நாய்கள் 'உபகரணம்' என்றே பதியப்பட்டிருந்தன. வியட்நாமில் நாய்களிடையே பரவிய கொடிய நோய் அமெரிக்காவுக்கும் தொற்றிவிடும் என்ற அச்சமும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. படைகள் வெளியேறியபோது சில நாய்கள் தென்வியட்நாம் சேனையிடம் ஒப்படைக்கப்பட்டன. பல ஊசியேற்றிக் கொல்லப்பட்டன. தம் உயிரைக் காத்த நாயைக் கூண்டிலே விட்டு விமானமேறிய இளைஞர்கள், முதுமையிலும் அக்காட்சியை மறக்க இயலாமற் கலங்கினர்.

எந்த அன்பை நம்பி மனிதன் அந்த நாய்களைப் போருக்கு அழைத்துச் சென்றானோ, அந்த அன்பு வேலை முடிந்ததும் கணக்கிலே சேராமற் போயிற்று. நாலடியார் கூறும் வேலை எறிந்தவன் பகைவனல்லன், எசமானே அன்றோ!

காலம் கடந்து வந்த நீதி

ஆனால், அந்த முன்னாள் வீரர்கள் வாளாவிருக்கவில்லை, நினைவுச் சின்னங்கள் எழுப்பினர், நூல்கள் எழுதினர். 2000ஆம் ஆண்டிலே, றொபி என்னும் முதிய இராணுவ நாயைத் தன் இல்லத்துக்கு அழைத்துச் செல்ல அதன் காவலன் விரும்பியும் சட்டம் இடங்கொடாத செய்தி பத்திரிகைகளில் வெளியாயிற்று. மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு நவம்பரில், ஓய்வுபெற்ற இராணுவ நாய்களைக் காவலர்களோ தகுந்த குடும்பங்களோ வளர்க்க வகைசெய்யும் சட்டத்தில் ஜனாதிபதி கிளின்ரன் ஒப்பமிட்டார். நோயுற்றிருந்த றொபிக்கு அச்சட்டம் பயன்படவில்லை. அதன் பின்னே வந்த நாய்களுக்குப் பயன்பட்டது. 2015இல் நிறைவேறிய மற்றொரு சட்டம், கடல்கடந்த நாடுகளில் ஓய்வுபெறும் நாய்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரவும், காவலருக்கே முதலுரிமை அளிக்கவும் வழிசெய்தது.

இலண்டன் ஹைட் பூங்காவின் அருகே, போர்களிலே மடிந்த விலங்குகளுக்கென 2004இல் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. தெரிவு செய்யும் உரிமை அவற்றுக்கு இருக்கவில்லை என்னும் பொருள்பட ஒரு சிறு வாசகம் அதிலே பொறிக்கப்பட்டுள்ளது. அச்சொற்களின் பாரம் அந்தக் கல்லின் பாரத்திலும் அதிகம்.

யுத்தம் ஓய்ந்த பின்னும் நாயின் ஊழியம் ஓய்வதில்லை. நமது நாட்டின் வடபகுதியிலே போர் விட்டுச் சென்ற கண்ணிவெடிகளை அகற்றும் பணியிலும் நாய்கள் பங்கு கொண்டுள்ளன. மண்ணுள் மறைந்த வெடிமருந்தின் மணத்தை உணர்ந்ததும் நாய் அசையாது அமர்ந்துவிடும். பின்னர் மனிதன் கவனமாகத் தோண்டி எடுப்பான். அதற்குக் கிடைக்கும் சன்மானம், சிறிது நேரம் பந்து விளையாட்டும் ஒரு தட்டிக்கொடுப்பும். அந்த நாய் கடந்து சென்ற நிலத்திலே பிள்ளைகள் அச்சமின்றி ஓடியாடலாம். உழவன் மண்வெட்டியை ஓங்கலாம்.

மாணவர்களே, பெற்றோரே! யுத்தம் நல்லதென்று காட்டுவதற்காக நாம் இக்கதைகளைத் தொகுக்கவில்லை. பேசத் தெரியாத ஒரு ஜீவனிடம் ஊழியம் பெறுபவன், அது கேளாமலே அதன் கடனைத் தீர்க்க வேண்டியவன் என்பதை நினைவூட்டவே தொகுத்தோம். போர்முனையிலே நின்ற நாய்க்கு மட்டுமன்றி, நம் முற்றத்திலே காவலிருந்து கிழடாகிப்போன நாய்க்கும் இது பொருந்தும். வாலாட்டுவது நாயின் இயல்பு. வேல் எறியாதிருப்பது மனிதனின் கடமை.